இடது காதுக்குச் செய்த பெட்டி

வரதராசன்பேட்டையில் ஞானமுத்துவை யாரும் பின்னாலிருந்து தொட மாட்டார்கள். பட்டாளத்திலிருந்து அவன் திரும்பி வந்த முதல் மாதமே ஊர் அதைக் கற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது கூடப் படித்தவன் ஒருவன் ஆசையாக முதுகில் தட்டினான். அடுத்த நொடி கோயில் படியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், சட்டையெல்லாம் ரத்தம். அடித்து முடித்த பிறகுதான் தான் அடித்தது ஞானமுத்துவுக்குத் தெரியும். அவன் மனைவி மரிய புஷ்பத்துக்கு மேல்வரிசையில் ஒரு பல் போனதும் அப்படித்தான். தூங்குகிறவனைத் தோளைத் தொட்டு எழுப்பினாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எட்ட நின்று மூங்கில் கழியால் அவன் உள்ளங்காலைத் தட்டி எழுப்பப் பழகிக்கொண்டாள்.

பர்மாவில் அவன் பீரங்கிப் படையில் இருந்தான். சண்டை முடிய இன்னும் சில மாதங்களே இருந்த சமயம், ஓர் ஆற்றங்கரையில், பக்கத்துப் பீரங்கியின் குழலுக்குள்ளேயே குண்டு வெடித்தது. அந்தப் பீரங்கியைச் சுற்றி நின்றவர்களில் ஒருவரும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஞானமுத்துவுக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வந்தது. வலது காது அன்றோடு போயிற்று. இடது காதில் மட்டும், சாத்திய கதவுக்குப் பின்னால் யாரோ பேசுவதுபோல ஏதோ கொஞ்சம் கேட்டது. வாயை அந்தக் காதில் வைத்துக் கத்தினால் புரியும், போகப் போக எதிரே நிற்பவர் உதட்டைப் படிக்கவும் பழகிக்கொண்டான்.

பூனா ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் படுத்திருந்த கோவாக்காரன் ஒருவன், பட்டாள பேண்டில் வாசித்தவன், அவனுக்குக் கித்தார் சொல்லிக்கொடுத்தான். மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடது கையில் உருளையான எஃகுத் துண்டைப் பிடித்துக் கம்பிமேல் இழைத்து வாசிக்கிற கித்தார். காது கேட்காதவனுக்கு எதற்கு வாத்தியம் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். கித்தாரின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு மீட்டச் சொன்னான் கோவாக்காரன். தாடை எலும்பு வழியாக ஒரு சத்தம் உள்ளே ஏறியது. வெடிக்குப் பிறகு ஞானமுத்துவுக்குள் நுழைந்த முதல் சத்தம் அதுதான். கித்தாரோடுதான் ஊர் திரும்பினான். ஆனால் எத்தனை நாள் ஒருவன் மரத்தைக் கடித்துக்கொண்டு வாசிக்க முடியும்? பல் ஈறெல்லாம் வீங்கிப்போயிற்று.

பொன்மலையில் இளையபெருமாள் என்று ஒருவர், அவரும் பட்டாளத்துக்காரர், தந்திப் பிரிவில் இருந்தவர், நாடகக் கம்பெனிகளுக்கு மைக் செட்டு கட்டிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு ரயிலேறிப் போனான். அவருடைய மேசையில் கித்தாரைக் கிடத்தினான்.

"இது எனக்குக் கேக்கணும்."

இளையபெருமாள் அவன் இடது காதுப் பக்கம் வந்து குனிந்தார். "கூட்டத்துக்கா, கல்யாணத்துக்கா?"

"யாருக்கும் வேண்டாங்க. எனக்கு. இந்தக் காதுக்கு."

அவர் அன்று முழுக்க அவனை உட்காரவைத்துச் சோதித்தார். ஒலிபெருக்கியை அவன் காதருகில் வைத்துத் தடித்த சத்தம், மெல்லிய சத்தம் என்று ஒவ்வொன்றாக விட்டார். கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். தடித்த சத்தத்துக்குக் கை தூக்கினான். மெல்லிய சத்தத்துக்கு அவர் சத்தத் திருகை எவ்வளவு திருப்பினாலும் கை மடியிலேயே கிடந்தது. வெடி அவனிடமிருந்து மேல் சுரங்களை மொத்தமாக வாரிக்கொண்டு போயிருந்தது. எது அவனுக்குக் கேட்கவில்லையோ அதையே பல மடங்கு கூர்மையாக்கித் துப்புகிற மாதிரி ஒரு பெட்டியைக் கட்டினார் இளையபெருமாள். பட்டாளத்துக் கழிவில் ஏலம் வந்த ரேடியோ வால்வுகள், பலாப்பலகைக் கூடு, முகப்பில் ஒரு பெரிய ஸ்பீக்கர், முதுகு திறந்தபடி. கரண்ட் இல்லாத ஊர் என்பதால் லாரி பேட்டரியில் ஓடும்படி செய்தார். ஹெட்போன் ஒன்றை உடைத்து அதன் காந்தத்தைக் கித்தார் கம்பிகளுக்கு அடியில் பொருத்தினார்.

கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொன்னார். "தம்பி, உனக்கு இனிக்கிறது மத்தவங்க காதைக் கிழிக்கும். ஜனம் இல்லாத பக்கமா வச்சு வாசி. இன்னொண்ணு, முதுகுப் பக்கம் கை வைக்காதே. உள்ளே முந்நூறு வோல்ட்டு நிக்கும். பேட்டரியைக் கழட்டினாலும் கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும்."

அரியலூரில் இறங்கி, பஸ் மேலே கயிறு போட்டுக் கட்டி, செயங்கொண்டத்திலிருந்து மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஜனம் இல்லாத பக்கம் என்று அந்த வீட்டில் எதுவும் இல்லை. அப்பன் கட்டிய ஒரே ஓட்டு வீடு. அண்ணன் மிக்கேலுக்கு ஒரு பாதி, இவனுக்கு ஒரு பாதி. நடுவே ஆள் உயரத்துக்குச் செங்கல் சுவர், அதற்கு மேலே கூரை வரைக்கும் வெறும் வெளி. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் இருமுவார்கள்.

முதல் நாள் பெட்டி அவனைக் கடித்தது. சொல்லியும் கேட்கவில்லை. வால்வுகள் மெல்லச் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், சூடு எப்படி இருக்கிறது என்று பின்னால் விரலை நீட்டினான். யாரோ உலக்கையால் முழங்கையில் போட்டதுபோல் இருந்தது. சுவரோரம் போய் விழுந்தான். எழுந்தபோது கை தோள்வரை மரத்திருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு மறுபடி தொட்டான், இளையபெருமாள் சொன்னது நிஜந்தானா என்று பார்க்க. நிஜந்தான். இரண்டாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தம்.

பிறகு அதன் குணங்களை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டான். வால்வு சூடேறும்வரை பேசாது. பேட்டரி கரண்டை ஏற்றிக் கொடுக்கிற தகரக் குப்பி ஒன்று உள்ளே முரலும், வெறுங்காலோடு தரையில் நின்றால் அந்த முரல் குதிகாலில் தெரியும். கித்தாரோடு ஸ்பீக்கருக்கு நேரே உட்கார்ந்தால் பெட்டி தானாகவே ஊளையிடும், பக்கவாட்டில் திரும்பினால் அடங்கும். பேட்டரி இறங்கினால் சத்தம் கரகரத்து, கல்லில் அரிவாள் தீட்டுவதுபோல் ஆகும். அப்போது செயங்கொண்டத்து பஸ் ஷெட்டுக்குப் பேட்டரியைச் சார்ஜுக்கு அனுப்புவான்.

மெல்லிய கம்பியை முதல் முதலாகத் தட்டியபோது அவனுக்கு மேல் சுரம் கேட்டது. சாத்திய கதவு திறக்கவில்லை, ஆனால் கதவில் ஒரு கீறல் விழுந்து வெளிச்சம் வந்தது. சின்ன வயதில் கோயிலில் பாடிய மாதா பாட்டை ஒற்றைக் கம்பியில் தேடித் தேடி வாசித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் மரிய புஷ்பம் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். இரண்டு காதிலும் பஞ்சு.

"நல்லாருக்கா?" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். நல்லாயில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வாசலில் நாய்கள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன.

தடித்த கம்பிதான் சங்கடம். அதை அழுத்தித் தட்டினால் சத்தம் காதுக்கு வராமல் நேரே நெஞ்சில் வந்து இடிக்கும். முதல் தடவை அது இடித்தபோது ஞானமுத்து கித்தாரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான். புஷ்பம் குனிந்து பார்த்தபோது இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு மண்ணைக் கடித்துக் கிடந்தான். ஆனால் மறுநாளும் அதே கம்பியைத் தட்டினான். அதற்கடுத்த நாளும். உடம்பு நடுங்கும், வேர்த்து ஊற்றும், சில நாள் வாந்தி எடுப்பான். விடமாட்டான். ஒரு முரட்டு மாட்டை வசக்குவதுபோலத் தன் பயத்தைப் பிடித்துக் கட்டி அடித்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் மிக்கேலைப் பற்றியும் சொல்லவேண்டும். மிக்கேல் கெட்டவன் இல்லை. தம்பி பர்மாவில் இருந்த வருஷங்களில் ஒரு கடுதாசும் வராமல் போக, செத்துப்போனான் என்றே நினைத்துக்கொண்டு அவனுக்காகப் பூசைகூட வைத்தான். மேட்டுக்கொல்லையில் பொதுவாகக் கிடந்த நிலத்தில் முந்திரி வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினான். கன்றெல்லாம் காய்க்கிற பருவத்துக்கு வந்தபோது தம்பி உயிரோடு வந்து நின்றான். கட்டிக்கொண்டு அழுதான் மிக்கேல். பாதித் தோப்பு என்று பேச்சு வந்த அன்று முகம் மாறியது.

"நாலு வருசம் தோள்பட்டை காச்சுப்போக நான் தண்ணி ஊத்துனேன். வந்தவுடனே பாதின்னா எப்படிறா?"

"நெலம் அப்பாருதுதானே அண்ணே?"

"நெலம் அப்பாருது. மரம் எவனுது?"

அந்தப் பேச்சு அப்படியே நின்றிருந்தது. அதற்கு மேல்தான் பெட்டி வந்து சேர்ந்தது.

அந்த வருஷம் ஆடி மாதம் மிக்கேலின் மனைவி அமலோற்பவத்துக்குக் குழந்தை பிறந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பச்சை உடம்போடு படுத்திருந்தாள். இந்தப் பக்கம் ஞானமுத்து மாலையில் பெட்டியைப் போட்டால், அவனுக்குத் தேனாக இறங்குவது அவளுக்கு இரும்புத் தகட்டில் ஆணியால் கிழிப்பது போலிருக்கும். குழந்தை விறைத்து விறைத்து அழும். மிக்கேல் சுவருக்கு மேலாகக் கத்திப் பார்த்தான். கேட்டால்தானே. ஒருநாள் புஷ்பம் கிணற்றுக்குப் போயிருந்த நேரம், நேரே உள்ளே வந்தான். வாசலில் நின்று கூப்பிட்டான், நடுக்கூடத்தில் நின்று கூப்பிட்டான். தம்பி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், அந்தத் தடித்த கம்பியைத் தட்டிக்கொண்டு, தோளெல்லாம் நடுங்க. மிக்கேல் தோளில் கை வைத்தான்.

இடது கையிலிருந்த எஃகுத் துண்டோடு ஞானமுத்து திரும்பினான். அது மிக்கேலின் தாடையில் பட்டது. எலும்பு முறிந்தது ஞானமுத்துவுக்குக் கேட்கவில்லை, விரல்களில் தெரிந்தது. மிக்கேல் மண்டி போட்டான். வாயிலிருந்து ரத்தமும் பல்லும் கலந்து கொட்டின. எதிரே இருப்பது யாரென்று அப்போதுதான் தம்பிக்கு உறைத்தது.

"அண்ணே," என்று குனிந்து தூக்கப் போனான். மிக்கேல் அவன் கையைத் தட்டிவிட்டான். ஏதோ சொன்னான். தாடை தொங்கியதால் உதட்டைப் படித்தும் ஞானமுத்துவுக்குப் புரியவில்லை.

மாதக் கணக்கில் கஞ்சித் தண்ணீரை உறிஞ்சிக் குடித்தான் மிக்கேல். தாடை கூடியது, கோணலாகக் கூடியது. கோயில் சாமியார் இருவரையும் நிறுத்திச் சமாதானம் பேசினார். ஞானமுத்து எல்லோர் முன்னிலும் அண்ணன் காலில் விழுந்தான். மிக்கேல் விழுந்தவனைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பங்குனியில் முந்திரி பழுத்தது. ஞானமுத்து தோப்புக்குப் போய்த் தன் பாதி என்று நினைத்த வரிசையில் கீழே விழுந்திருந்த கொட்டைகளைப் பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தான். சருகு மெத்தையாகக் கிடந்தது. யார் நடந்து வந்தாலும் நொறுங்கும், காது உள்ளவனுக்கு. முதல் அடி பிடரியில் விழுந்தபோது, தரைதான் எழும்பி வந்து முகத்தில் அடித்தது என்று நினைத்தான். புரண்டு பார்த்தான். அண்ணனும் தோப்புக் காவலுக்கு வைத்திருந்த கொளஞ்சியும் நின்றார்கள். கையில் புளியந்தடி. அவர்கள் ஏதோ கத்திக்கொண்டே அடித்தார்கள். அவனுக்கு எல்லாமே ஊமையாக நடந்தது. வாய்கள் திறந்து மூடின, தடிகள் ஏறி இறங்கின, தன் விலா உடைகிற சத்தம்கூட அவனுக்கு இல்லை. அவனும் சும்மா கிடக்கவில்லை. கொளஞ்சியின் காலைக் கவ்விச் சதையைப் பிய்த்தான், அண்ணன் கண்ணில் மண்ணை அள்ளி வீசினான்.

கடைசியில் கொளஞ்சி அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டான். மிக்கேல் அவன் வலது கையை இழுத்து முந்திரிக் குவியல்மேல் வைத்து அரிவாளின் பின்புறத்தால் குத்தினான். ஒரு தடவை இல்லை. கையும் கொட்டைகளும் சேர்ந்து நசுங்கின. பச்சைக் கொட்டையின் ஓட்டுப் பால் தோலில் பட்டாலே கொப்புளம் போடும், அது கிழிந்த சதைக்குள் இறங்கியது. ஞானமுத்து அலறினான். அந்த அலறல் மட்டும் மண்டைக்குள்ளேயே கிளம்பியதால் அவனுக்குக் கேட்டது.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் அழுகி, வெட்டி எடுக்கும்படி ஆயிற்று. போலீஸ் வந்து கேட்டபோது மரத்திலிருந்து விழுந்ததாகச் சொன்னான். எதற்குப் பொய் சொன்னான் என்று புஷ்பத்துக்கு அன்றே தெரிந்தது. வீட்டிலிருந்த அரிவாள், கடப்பாரை, எல்லாவற்றையும் கிணற்றில் போட்டாள்.

"மீன் கழுவுற கத்தி வரைக்கும் போட்டுட்டேன்," என்று அவன் காதில் கத்தினாள். "வேற எதுனாச்சும் தேடாதீங்க."

அவன் தேடவில்லை. அவனிடம் பெட்டி இருந்தது.

மீட்டுவதற்குக் கட்டைவிரலும் இன்னும் இரண்டு விரலும் போதும். கட்டு அவிழ்த்த வாரத்திலேயே பெட்டியைத் தூக்கி, ஸ்பீக்கர் நடுச் சுவரைப் பார்க்கும்படி வைத்தான். திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினான். பாட்டு ஒன்றும் வாசிக்கவில்லை. எஃகுத் துண்டை மெல்லிய கம்பியின் நுனியில் வைத்து இழுத்தான், திரும்ப இழுத்தான். காலையில் மிக்கேல் சாப்பிட உட்காருகிற நேரம், மத்தியானம் குழந்தை தூங்குகிற நேரம், பார்த்துப் பார்த்து இழுத்தான். சுவரின் காரை உதிர்ந்து தரையில் வெள்ளையாகக் கிடந்தது. பிறர் காதை அது என்ன செய்யும் என்பதை இளையபெருமாள் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைத்தான் இப்போது ஆயுதமாகப் பிடித்திருந்தான்.

அமலோற்பவம் ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசற்படி தாண்டாமல் நின்று, அவன் உதட்டைப் படிக்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"கொழுந்தனாரே, எங்க மேல கோவம் இருக்கட்டும். இது பச்சப் புள்ளைங்க. தூங்கி நாளாச்சு."

ஞானமுத்துவுக்கு எல்லாம் புரிந்தது. "எனக்குக் காது கேக்காது அண்ணி," என்றான்.

அவள் போனபிறகு புஷ்பம் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு அவள் சோறு எடுத்து வைக்கவில்லை. அவனே போட்டுச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு மறுபடி வாசித்தான்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், ஐப்பசி மழையில், ஒரு மத்தியானம் மிக்கேல் வந்தான். வயலிலிருந்து நேரே வந்திருந்தான், தலையிலிருந்து கால்வரை ஈரம். கையில் கோடாலி. இந்தத் தடவை பின்னால் வரவில்லை, எதிரே வந்தான். ஞானமுத்து கித்தாரோடு எழுந்து சுவரில் முதுகைக் கொடுத்து நின்றான். வெட்டு தனக்குத்தான் என்று நினைத்தான். மிக்கேல் அவனைத் தாண்டிப் போய்ப் பெட்டியை வெட்டினான்.

பலாப்பலகை பிளந்தது. பெட்டி ஊளையிட்டது, ஆனால் சாகவில்லை. உள்ளே வால்வுகள் செக்கச் செவேலென்று எரிந்துகொண்டிருந்தன. இரண்டாவது வெட்டில் கோடாலி பலகையில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை. மிக்கேல் பிடியை விட்டுவிட்டு, திறந்த முதுகுப் பக்கமாகக் குனிந்தான். குடலைப் பிடுங்கி எறிகிறவன்போல இரண்டு கையையும் உள்ளே விட்டான்.

அந்த இடம் ஞானமுத்துவுக்குத் தெரியும். அங்கே என்ன நிற்கிறதென்று தெரியும். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

மிக்கேலின் உடம்பு வில்லாக வளைந்தது. கை எதைப் பிடித்ததோ அதைவிட்டு வரவில்லை. கோணல் தாடை இறுகி, கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. நனைந்த வேட்டியோடு கால்கள் தரையை உதைத்தன. ஸ்பீக்கர் ஒரு மாதிரி உறுமியது. அண்ணன் உடம்பு துடிக்கத் துடிக்க அந்த உறுமலும் துடித்தது. வெடிக்குப் பிறகு ஞானமுத்துவின் காதில் இவ்வளவு தெளிவாக வேறு எதுவும் விழுந்ததில்லை. பேட்டரி அவன் காலடியில் இருந்தது. குனிந்தால் எட்டும். அவன் குனியவில்லை. தோப்பில் தன் விரல்களை நசுக்கிய கை அது. அது கருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுப்படியிலிருந்து ஓடிவந்தவள் புஷ்பம். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். மிக்கேல் கட்டை சாய்வதுபோல் விழுந்தான். அமலோற்பவம் சுவரைச் சுற்றி ஓடிவந்து அவன் மாரில் அறைந்து அறைந்து கூப்பிட்டாள். நெடுநேரம் கழித்து ஒரு மூச்சு வந்தது. ஊர்க்காரர்கள் கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீடு காலியான பிறகு புஷ்பம் கணவனின் இடது காதருகே வந்தாள். கத்தவில்லை. ஆனாலும் அவனுக்குக் கேட்டது.

"நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க."

அவன் குனிந்து, சிதறிக் கிடந்த பலாச் சில்லுகளைப் பொறுக்கினான்.

"தெரியாம அடிச்சப்பல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன். எம் பல்லு போனப்பக்கூட உங்களை நான் ஒண்ணும் சொல்லல. இது தெரிஞ்சு நின்னது."

மழை விடும்வரைகூட இருக்கவில்லை. ஏலாக்குறிச்சியில் அப்பன் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

மிக்கேல் பிழைத்தான். இரண்டு உள்ளங்கையும் வெந்து தோல் சுருங்கின. உதறலில் வலது தோள் மூட்டு கழன்று, மறுபடி சரியாக உட்காரவே இல்லை. அந்தக் கையால் அவன் பிறகு குடம் தூக்கவில்லை, கோடாலியும் தூக்கவில்லை. தம்பி வாசலுக்கு அவன் திரும்ப வரவில்லை. தம்பியும் அந்த வீட்டில் அதிக நாள் இல்லை. தனியாகக் கிடந்து பார்த்தான். கித்தாரை எடுத்து ஓரத்தைக் கடித்துக்கொண்டு மீட்டிப் பார்த்தான். எலும்பு வழியாக வந்த சத்தத்தில் அண்ணனின் உறுமல் இருந்தது. கித்தாரைக் கீழே வைத்தான்.

பிளந்த பெட்டியைச் சாக்கில் கட்டிப் பொன்மலைக்குக் கொண்டுபோனான். இளையபெருமாள் உள்ளே விளக்கைக் காட்டிப் பார்த்தார். ஒரு கம்பி முனையில் கருகிய தோல் ஒட்டியிருந்தது.

"யாரு?"

"அண்ணன்."

"இருக்காரா?"

"இருக்காரு."

அவர் அதைச் சுரண்டித் துடைத்தார். அதற்குமேல் கேட்கவில்லை. பெட்டியைச் செப்பனிட்டுக் கொடுத்தபோது முதுகு முழுக்கத் தகரம் அடித்து, திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் கல்யாணம், தேர், நாடகம் என்று மைக் செட்டு கேட்கிறார்கள், போய்ப் போட்டுவிட்டு வர ஆள் இல்லை, நீ போகிறாயா என்று கேட்டார். காது கேட்காதவன் எப்படி என்றான் ஞானமுத்து. "ஊளை வந்தா உனக்குக் குதிகால்ல தெரியுமில்ல, அது போதும்," என்றார்.

அரியலூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வீடு பிடித்தான். சரக்கு ரயில் போகும்போது சுவர் அதிரும், அங்கே யாரும் யார் சத்தத்தையும் பொருட்படுத்துவதில்லை. குடியேறிய கையோடு ஏலாக்குறிச்சிக்குப் போனான். புஷ்பம் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அந்த வூட்டுக்கு நான் வரமாட்டேன்."

"அரியலூர்ல வூடு பாத்திருக்கேன்."

"தோப்பு?"

"அண்ணனே வச்சுக்கட்டும். எழுதிக் குடுத்துடுறேன்."

அவள் தூற்றுவதை நிறுத்தினாள். "பொட்டியைப் பாத்து எனக்குப் பயமில்லீங்க. அன்னைக்கு உங்க கண்ணைப் பாத்தேன். அதான் இன்னும் தூக்கத்துல வருது."

"எனக்கும் வருது," என்றான்.

அன்று அவள் வரவில்லை. தை மாதம், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு டிரங்குப் பெட்டியோடு அரியலூர் வாசலில் வந்து நின்றாள்.

தோப்பை எழுதிக்கொடுக்க அண்ணன் தம்பி இருவரும் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்தது அதற்கடுத்த கோடையில். கூப்பிடும்வரை ஒரே பெஞ்சில் உட்காரவேண்டியிருந்தது. நடுவே இன்னொருவன் உட்காரலாம்போல இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கையெழுத்துப் போட மிக்கேலுக்குப் பேனா நிற்கவில்லை, பெருவிரலை மையில் தோய்த்து வைத்தான். சுருங்கிய தோலில் ரேகை சரியாக விழவில்லை என்று குமாஸ்தா முணுமுணுத்து, மறுபடி அழுத்தி வாங்கிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் மிக்கேல் நின்றான். தம்பி தன்னைப் பார்க்கிறானா என்று உறுதி செய்துகொண்டு எதிரே வந்து, பிறகு இடது காதுப் பக்கம் குனிந்தான்.

"ஒயரைப் புடுங்குனது யாரு? அமலோற்பவம் சொல்ல மாட்டேங்குறா."

"புஷ்பம்."

"நீ?"

ஞானமுத்து தன் மூன்று விரல் கையைப் பார்த்தான். "நான் நின்னுக்கிட்டிருந்தேன்."

மிக்கேல் கொஞ்ச நேரம் வாயை மென்றான். கோணல் தாடை அவனைச் சும்மா இருக்கவிடாது, எப்போதும் மெல்வதுபோல அசைந்துகொண்டே இருக்கும். "தோப்புல கொளஞ்சி போதும் போதும்னு சொன்னான். நான்தான் நிறுத்தல," என்றான்.

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. மிக்கேல் செயங்கொண்டம் பஸ்ஸைப் பார்த்து நடந்தான். ஞானமுத்து அன்று சாயங்காலம் பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்கு மைக் செட்டு கட்டவேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தபோது புஷ்பம் பேட்டரியை வாசலில் எடுத்து வைத்திருந்தாள். அவன் எதிரே வந்து நின்று, அவன் பார்த்த பிறகு, தோளில் கை வைத்தாள். உடம்பு ஒருமுறை விதிர்த்தது. கை மடங்கி முஷ்டியானது. அவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். முஷ்டி அவிழ நேரமாயிற்று.

"வண்டி வந்துடும். சாப்புட்டுட்டுக் கெளம்புங்க," என்றாள்.